நொடியிற் பிறக்கும் வெப்பம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த நிலம். அக்கல்லைச் சூளையிலிட்டு நீற்றிச் சுண்ணாம்பாக்கும் தொழில் இங்கு நெடுங்காலம் நடந்து வந்தது. விறகின் வெப்பம் முதலிற் கல்லின் புறத்தைப் பற்றும். பின்னர் மெல்ல மெல்ல அகத்தே செல்லும். ஆதலின் சூளை நெடுநேரம் எரிதல் வேண்டும். வெளியிலிருந்து உள்ளே செல்லுதல் என்பதே வெப்பத்தின் பழைய வழி.

புதிய வழியை வகுத்தவை, வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த நுண்ணலைகள். 1895ஆம் ஆண்டளவில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் இத்தகைய குற்றலைகளைக் கொண்டு, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அரை நூற்றாண்டு கழிந்து, 1945இல், அமெரிக்காவில் பெர்சி ஸ்பென்சர் என்பார் றேடார்க் கருவியருகே நின்றபோது, சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகக் கண்டனர் என்பர். அதனின்றும் பிறந்ததே நுண்ணலை அடுப்பு. அதன் அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கின்றது. நீர் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள் அவ்வதிர்வைப் பின்தொடர முயன்று சூடேறுகின்றன. இங்கே வெப்பம் வெளியிலிருந்து புகுவதன்று, பொருளினுள்ளேயே பிறப்பது. 1986இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர் இவ்வடுப்பினால் இரசாயனத் தாக்கங்களை விரைந்து நிகழ்த்திக் காட்டினர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கே. ஜே. ராவ் குழுவினர் இதே வழியில் திண்மப் பொருள்களை ஆக்கி, 1999இல் அம்முறைகளைத் தொகுத்து வெளியிட்டனர்.

இம்முறையின் பெரும்பயன் ஊக்கிகளை ஆக்குவதிலே காணப்படும். தான் அழியாது, ஒரு தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளே ஊக்கி. திண்ம ஊக்கியாயின் வேலை அதன் மேற்பரப்பிலேயே நிகழும். ஆகவே பரப்பு மிகுதல் நன்று. மூடிய புத்தகத்தின் அட்டை மாத்திரமே கண்ணுக்குத் தெரியும். ஏடேடாகப் பிரித்தால் எல்லாப் பக்கமும் தெரியும். காரீயம் அத்தகையதொரு புத்தகம். அதன் ஓர் ஏடு, ஓரணுத் தடிப்புள்ள காபன் படலம். கிரபீன் என்பது அதன் பெயர். ஒரு கிராம் கிரபீனின் பரப்பு ஏறத்தாழ 2600 சதுர மீற்றர்; யாழ்ப்பாணத்துக் கணக்கிற் பத்துப் பரப்புக் காணி!

2004இல் மன்செஸ்டர் நகரில் கைமும் நொவோசெலொவும் ஒட்டுநாடா கொண்டு இவ்வேட்டை உரித்தெடுத்தனர். 2010இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும் அவ்வழியிற் கிடைப்பது சிறிதளவே. காரீயத்தை ஒட்சியேற்றிப் பிரித்தால் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் ஏட்டிற் படிந்த ஒட்சிசன் அதன் தரத்தைக் கெடுக்கும். அதனைப் போக்கும் வழியை 2016இல் மனிஷ் சோவாலா குழுவினர் அமெரிக்காவிலிருந்து அறிவித்தனர். ஓரிரு நொடி நுண்ணலை பாய்ச்சவே ஒட்சிசன் பெரிதும் நீங்கிற்று. அவ்வேடு, நீரைப் பிரிக்க உதவும் ஊக்கிகளைத் தாங்கும் தளமாகவும் நன்கு பயன்பட்டது.

இவ்வரலாறு இலங்கையர்க்கு அயலானதன்று. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் உலகப் புகழ் பெற்றது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இத்தீவின் காரீயம், உலோகம் உருக்கும் மூசைகளுக்காகக் கப்பலேறிச் சென்றது. மண் இங்கிருந்தது, அதனைப் பொன்னாக்கும் வித்தை பிறர் கையிலிருந்தது.

அவ்வித்தையைக் கற்பதற்கு யாழ்ப்பாணம் கொடுத்த விலை பெரிது. 1990இற் குடாநாடு தேசிய மின்சாரத்தை இழந்தது. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலம் அது. 1974இல் திருநெல்வேலியில் தொடங்கிய பல்கலைக்கழகம் அவ்விருளிலும் மாணவரைக் கைவிடவில்லை. பின்னாளில் அதன் பௌதிகவியற்றுறை, நோர்வே நாட்டாருடனும் கோயம்புத்தூர் அறிஞருடனும் கூடி, தூய சக்திக்கான நனோப் பொருள்களை ஆராயும் நிலை எய்திற்று.

பேருலை கட்டப் பெருஞ்செல்வம் வேண்டும். நுண்ணலைக்கோ சிறு கருவியும், தடையற்ற மின்சாரமும், பயின்ற கையுமே வேண்டப்படுவன. இவற்றுள் முதலிரண்டையும் விலைக்கு வாங்கலாம். மூன்றாவது பள்ளிக்கூடத்திலேதான் விளையும்.