எடைக்கு முன்னால் இறங்கிய சுகர்

சித்தூர், திருப்பதி என்று எங்க சொந்தக்காரங்க யாருக்குப் போன் போட்டாலும் வெயில், மாங்காய் விலை, அப்புறம் சுகர். இப்போ புதுசா ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கு: "வயித்துல ஆபரேஷன் பண்ணா சுகர் போயிடுமாமே, நெஜமா?" நான் பி.காம். படிச்சுட்டு பேங்க்ல வரவு செலவு பார்க்கிற ஆசாமி. டாக்டர் இல்லை. ஆனாலும் இந்த ஆபரேஷனோட சரித்திரத்தைத் தேடிப் படிச்சப்போ அசந்துட்டேன்.

அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தவர்கள் அப்புறம் குண்டாவதே இல்லை. 1966-ல் அதையே குண்டானவர்களுக்குச் செய்தார். இரைப்பையைச் சின்னதாக்கி, நேராகச் சிறுகுடலோடு இணைப்பது. எடை குறையணும், அவ்வளவுதான் நோக்கம். சுகர் கணக்கிலேயே இல்லை.

வட கரோலினாவில் வால்ட்டர் போரீஸ் குழு 1980 முதல் 14 வருஷத்தில் 608 பேருக்கு இந்த வகை ஆபரேஷன் செய்தது. அதில் 146 பேர் சுகர்காரர்கள். 121 பேருக்கு சுகர் நார்மலுக்கு வந்து அப்படியே நின்றது. 1995-ல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'யார்தான் நினைத்திருப்பார்கள்?' என்றுதான் ஆரம்பிக்கும். காரணம், எடை இறங்கும் முன்பே, சில நாளிலேயே சுகர் இறங்கியது. எங்க பாஷையில் சொன்னால், அசல் அப்படியே நிற்க வட்டி மட்டும் ஓடாமல் நின்ற கதை :-)

எப்படி? 1964-லேயே ஒரு துப்பு கிடைத்திருந்தது. குளுக்கோஸை ரத்தத்தில் ஏற்றுவதைவிட வாய் வழியாகக் கொடுத்தால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது. அப்படியானால் குடல் கணையத்துக்கு ஏதோ சேதி அனுப்புகிறது. அந்தச் சேதிகளில் ஒன்றான ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் 1980களில் பிடிபட்டது. (இப்போ எல்லாரும் பேசுகிற எடைக் குறைப்பு ஊசிகள் இதை வைத்து வந்தவைதான்.) ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடு சீக்கிரமே சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடுகிறது. ஜி.எல்.பி-1 மளமளவென்று ஏறுகிறது. அந்த நாட்களில் சாப்பாடும் ரொம்பக் குறைவு. கல்லீரல் கொழுப்பு கரைய ஆரம்பிக்கிறது. கல்லீரல் ஒரு வாரத்திலேயே இன்சுலின் பேச்சைக் கேட்கும். தசை அப்படியில்லை, பிடிவாதக்காரன். எடை இறங்க இறங்க மாசக்கணக்கில்தான் வழிக்கு வரும்.

இதெல்லாம் குண்டானவர்கள் கதை. என் சின்ன மாமாவுக்குக் கை கால் குச்சி, தொப்பை மட்டும் முன்னால் வரும். பி.எம்.ஐ. 24. ஆனால் சுகர் 15 வருஷமா!

இந்த உடம்பைப் பற்றி எங்க ஊர்ப் பக்கத்திலேயே ஆராய்ச்சி நடந்திருக்கு. 1911 வரை வடஆற்காட்டுக்குச் சித்தூர்தான் தலைநகர். எல்லை மாறினாலும், திருப்பதியில் 1993-ல் தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் வந்தாலும், எங்க ஜனங்க சீக்கு என்றால் பஸ் ஏறுவது வேலூர் சி.எம்.சி.க்குத்தான். அந்த வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969-73ல் பிறந்த 2,218 பேரை 28 வயசு வாக்கில் பரிசோதித்து 2010-ல் முடிவு வெளியிட்டார்கள். சின்ன வயசில் ஒல்லியாக இருந்து பிறகு சதை போட்டவர்களுக்குத்தான் சுகர் கோளாறு அதிகம். மாமாவும் அதே வருஷங்களில் பிறந்தவர்தான்.

புனே டாக்டர் யாஜ்னிக் இன்னும் பளிச்சென்று காட்டினார். 2004-ல் லான்செட்டில் அவரும் பிரிட்டிஷ் நண்பர் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் படம். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. வெள்ளைக்காரருக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2!

அதனால்தான் 2016-ல் சர்வதேச வழிகாட்டுதல் எழுதியபோது, மருந்துக்கு அடங்காத சுகருக்கு ஆபரேஷனை யோசிக்கலாம் என்ற கோட்டை மற்றவர்களுக்கு 30, ஆசியர்களுக்கு 27.5 என்று வைத்தார்கள். மாமா அதற்கும் கீழே. அவருக்கு இந்த ஆபரேஷன் இல்லை. மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடுதான்.

கோட்டைத் தாண்டியவர்களுக்கும் 'போயிடும்' என்று உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வில், 5 வருஷம் கழித்து ஹெச்.பி.ஏ.1சி. 6-ஐத் தாண்டாமல் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், வெறும் மருந்தில் 5. வித்தியாசம் பெரிசு, ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு, வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும். லீவில் ஊருக்குப் போய் பண்ணிக்கொண்டு வந்துவிடலாம் என்று டிக்கெட் பார்க்கிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.