குடிசை நம்முடையது, மனை யாருடையது?

பண்ணை வீட்டின் வரலாற்றைச் சொல்லப் பத்திரங்கள் உண்டு. பண்ணையின் ஓரத்தில் நின்ற குடிசையின் வரலாற்றை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

தஞ்சை வயல்வெளியில் அந்தக் குடிசையில் முதலில் இருந்தவர் அடிமை. ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். அடிமை போனார், பண்ணையாள் வந்தார். ஆள் அவரேதான், பெயர்தான் மாறியது. மண் குழைத்துச் சுவர் வைத்ததும் கீற்று வேய்ந்ததும் அவர். மனை மட்டும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு இறங்க வேண்டும். மனை தம்முடையதாக இல்லாததே சேரி மக்களைக் கட்டிவைக்கும் கயிறு என்பதைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கை 1890களின் தொடக்கத்திலேயே அரசுக்குக் காட்டியது.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பல மிராசுதாரர்கள் பண்ணையாட்களை நீக்கித் தினக்கூலிகளாக்கினர். குடிசையில் இப்போது கூலியாள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் சிறு குடிசைக்குள் உயிருக்கு அஞ்சி ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டனர். கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய்த் திரண்டதே அவர்கள் செய்த குற்றம்.

1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம்தான் குடியிருந்த விவசாயத் தொழிலாளரையே மனைக்கு உரிமையாளர் ஆக்கியது. அடிமை, பண்ணையாள், கூலியாள், உரிமையாளர்: ஒரே குடும்பம், நான்கு பெயர்கள். முதல் மூன்றும் பிறர் வைத்தவை. நான்காவது நாம் போராடிப் பெற்றது.

ஆகவே மாணவர்களே, ஊருக்குத் திரும்பியதும் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மனைப்பட்டா இருக்கிறதா? அதில் யார் பெயர் இருக்கிறது? நம் வரலாற்றாய்வு அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.