எட்டுக் கிலோ சாட்சி

கோட்டக்குப்பத்தில் தளம் போடும் நாள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் தெருவில் ஜல்லியும் எம்-சாண்டும் குவிந்திருக்கும். கலவை இயந்திரம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் என எல்லோருடைய கவனமும் மேலே சென்ட்ரிங் பலகையின் மீதுதான். அந்த அவசரத்துக்கு நடுவே கொஞ்சம் கலவை மட்டும் மாடிக்குப் போகாமல், தரையில் வைத்திருக்கும் மூன்று இரும்பு அச்சுகளுக்குள் போகிறது. ஒவ்வோர் அச்சும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 150 மில்லிமீட்டர். இதற்குத் தொழிலில் கியூப் என்று பெயர். எடை எட்டுக் கிலோவை ஒட்டி இருக்கும். மாடிக்குப் போன கான்கிரீட் எவ்வளவு தாங்கும் என்று சொல்வதற்காகவே பிறந்து, 28ஆம் நாள் உடைபடப் போகிற கட்டி இது.

இதன் பூர்வீகம் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டக்குப்பம் இருக்கும் வானூர் வட்டத்தில், திருவக்கரையைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. பாறையாக இருந்தது அங்கே ஜல்லியாகிறது, பொடிந்து எம்-சாண்டாகவும் ஆகிறது. கலவை எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கடல். கடலோரக் காற்றுப் படும் கான்கிரீட்டின் நிலையை ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி ‘கடுமையான சூழல்’ என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 ஆக இருக்க வேண்டும். அதாவது 28ஆம் நாள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 30 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். தண்ணீர், சிமென்ட் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர்தான், ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் இதில் சேர்த்தி. கலவை இளகி ஓடட்டும் என்று யாராவது கூடுதலாக ஒரு வாளி ஊற்றினால், அந்தத் தளத்தின் விதி அந்த நொடியே மாறிவிடுகிறது.

அச்சில் கலவையை மூன்று அடுக்குகளாக நிரப்ப வேண்டும். கையால் குத்துவதானால், 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியால் அடுக்குக்கு 35 குத்து. சடங்குபோலத் தோன்றும் இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. உள்ளே 5 விழுக்காடு காற்று தங்கிவிட்டாலே வலிமையில் சுமார் 30 விழுக்காடு போய்விடும். மறுநாள் அச்சைக் கழற்றி, தேதியையும் எந்தத் தளம் என்பதையும் எழுதி, கியூபைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சோதனைக் கூடத்தில் அந்தத் தண்ணீர் 27 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், ஏழு நாளைக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஏழாம் நாள் உத்தேசமாக மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்திருக்கும். மீதிக்குப் பொறுமை வேண்டும்.

28ஆம் நாள் கியூப் ஈரத்தோடு இயந்திரத்துக்கு வருகிறது. கோட்டக்குப்பத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை. சோதனை புதுச்சேரியில் என்றால், கியூப் தமிழ்நாட்டை விட்டே வெளியேறியிருக்கும். ஈரம் உலர்ந்திருந்தால் இருப்பதைவிட அதிக வலிமை காட்டும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த கையோடு மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். மட்டப்பலகையால் தேய்த்த மேல்முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அச்சின் வழவழப்பு ஏறிய முகங்கள் இரும்புத் தட்டுகளைத் தொடும்படி வைக்கிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன் என்ற சீரான வேகத்தில் பாரம் ஏறுகிறது. வேகத்தைக் கூட்டினால் எண்ணும் பொய்யாக ஏறும்.

எம்30 கியூப் தன் பெயரைக் காப்பாற்ற 675 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். கிட்டத்தட்ட 69 டன். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இவ்வளவு பெரிய பாரத்தை அளக்கும் உறுப்பு விரல் நகத்தைவிடச் சிறியது. அதன் பெயர் ஸ்ட்ரெயின் கேஜ்.

கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது என்று 1856இல் கெல்வின் கண்டு சொன்னார். பயன்படும் கருவியாக அது மாற 1938 வரை ஆனது. அமெரிக்காவின் கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸும், எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜும் ஒருவரையொருவர் அறியாமல், மெல்லிய கம்பியைப் பரப்பின் மீது ஒட்டி அளக்கலாம் என்று காட்டினார்கள். ரூஜ் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது, நிலநடுக்கத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள் என்னவாகும் என்பதை. கட்டடம் பற்றிய கவலையில்தான் இந்த சென்சார் பிறந்தது. இதற்குப் பெரிய வணிக மதிப்பு இருக்காது என்று கருதி எம்.ஐ.டி. காப்புரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தது. இன்று லாரி எடைமேடை முதல் விமான இறக்கை வரை அது இல்லாத இடமில்லை. 1950களில் கம்பியின் இடத்துக்கு உலோகத் தகடு வந்தது. செம்பும் நிக்கலும் கலந்த கான்ஸ்டன்டனை மைக்ரான் கணக்கில் மெலிதாக்கி, வளைந்து வளைந்து ஓடும் கோடுகளாகப் பொறித்துப் பிளாஸ்டிக் படலத்தில் பதிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நான்கை எஃகு உருளையில் ஒட்டி, வீட்ஸ்டன் பாலம் என்னும் மின்சுற்றாக இணைத்தால், அதுதான் பாரத்தை அளக்கும் லோடு செல். டிஜிட்டல் இயந்திரங்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக, பாரம் ஏற்றும் எண்ணெயின் அழுத்தத்தை உணரும் சென்சார் இருக்கும். அதற்குள்ளும் வழக்கமாக இதே தத்துவம்தான். 2,000 கிலோநியூட்டன் கொள்ளளவுள்ள லோடு செல்லில் நம் கியூபின் 69 டன் பாரம் ஏறும்போது, எஃகு தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சுருங்குவதில்லை. 350 ஓம் தடை அரை ஓம்கூட மாறுவதில்லை. 10 வோல்ட் கொடுத்தால் வெளியே வருவது சுமார் 6.75 மில்லிவோல்ட். கியூப் உடைந்து, பக்கங்கள் உதிர்ந்து, நடுவில் இடை குறுகிய உடுக்கை வடிவில் மிஞ்சி நிற்கும் கணத்தில், அந்தச் சிற்றலையின் உச்சத்தைப் பிடித்துத் திரை ஓர் எண்ணாகக் காட்டுகிறது.

அந்த எண்ணை நம்பலாமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பதில் அளவுத்திருத்தச் சான்றிதழில் இருக்கிறது. சோதனை இயந்திரத்தின் பிழை 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க வேறொரு லோடு செல்லையோ புரூவிங் ரிங் என்னும் அளவு வளையத்தையோ கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்தக் கருவியை அதைவிட நுட்பமான கருவி திருத்தியிருக்கும். இப்படிப் படிப்படியாக ஏறினால் வழி தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முடியும்.

இத்தனை நுட்பமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: கையில் கொடுத்த இந்தக் கட்டி எவ்வளவு தாங்கியது? கியூபுக்கென்று சிமென்ட்டைத் தூக்கலாகப் போட்டுத் தனிக் கலவை செய்தால், சென்சார் அந்தக் கலவையின் வலிமையைத் துல்லியமாகச் சொல்லும். மாடியில் இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கியூப் 28 நாள் தண்ணீரில் கிடக்க, தளத்துக்கு மூன்றே நாள் தண்ணீர் விட்டு நிறுத்தினால், அந்த வேறுபாடும் அறிக்கையில் வராது. கியூப்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் பார்க்க முடியும்: மூன்றில் எதுவும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்கிறது தரவிதி. விலகினால் அந்த மாதிரியே செல்லாது. அச்சு நிரப்பிய கையின் நேர்மையை இதைவிட நெருங்கிச் சோதிக்கும் வழி இயந்திரத்துக்கு இல்லை.

கோட்டக்குப்பத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. கியூபுக்குள் கம்பி இல்லை. உப்புத் தண்ணீரில் குழைத்த கியூப்கூட முதல் சில நாட்களில் நல்ல எண்ணைக் காட்டிவிடலாம். அதே உப்பு தளத்துக்குள் கம்பியை அரிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டு உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து உதிர்க்கும். கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பதும், கடுமையான சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் போர்வை வேண்டும் என்பதும் அதற்காகத்தான். இந்த இரண்டையும் லோடு செல் பார்க்காது. தண்ணீர்ப் பரிசோதனையும், கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்க்கும் கண்களுமே பார்க்கும்.

ஆகவே இங்கே வீடு கட்டுகிறவர்கள் கியூப் அறிக்கையைக் கட்டாயம் கேட்க வேண்டும். அதோடு, அச்சு நிரப்பும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், தேதியைத் தங்கள் கையாலேயே எழுத வேண்டும், கியூபுக்குக் கிடைத்த தண்ணீர் தளத்துக்கும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் பொய் சொல்லாது. அதனிடம் உண்மையான கியூபைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.