தேர்தல் வழக்கு (இந்தியா)

நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது செல்லாது என்று அறிவிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்படுவது தேர்தல் வழக்கு. தோற்ற வேட்பாளர்தான் வர வேண்டும் என்பதில்லை; அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் தொடுக்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 329(ஆ) பிரிவும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் இதற்கு அடிப்படை. குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் பற்றிய வழக்குகளை உச்ச நீதிமன்றமே நேராக விசாரிக்கும்.

தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது என்பது இத்துறையின் முதல் விதி. இது நிலைபெற்றது நாமக்கல்லில் தொடங்கிய ஒரு வழக்கில். முதல் பொதுத் தேர்தலின்போது, 1951 நவம்பரில், சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு நாமக்கல் தொகுதியில் என். பி. பொன்னுசாமி தாக்கல் செய்த வேட்புமனு தள்ளுபடியானது. அவர் உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். அறிவிக்கை வெளியாவது முதல் முடிவு அறிவிக்கப்படுவது வரை எல்லாமே தேர்தலில் அடங்கும், இடையில் நேர்ந்த தவறை முடிவு வந்த பிறகு தேர்தல் வழக்கில்தான் கிளப்ப வேண்டும் என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டியிடவே முடியாமல் போனவருக்கு இது ஆறுதல் தராது. ஆனாலும், ஒவ்வொரு வேட்புமனுவுக்கும் தடையாணை வாங்க முடியுமானால் குறித்த நாளில் எந்தத் தொகுதியிலும் வாக்குப்பதிவு நடக்காது. அந்த வகையில் தீர்ப்பு சரியானதே.

தொடக்கத்தில் இவ்வழக்குகளைத் தேர்தல் தீர்ப்பாயங்கள் விசாரித்தன. 1966-இல் செய்த சட்டத் திருத்தத்தால் உயர் நீதிமன்றங்களுக்கு மாறின. முடிவு வந்த 45 நாட்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்கு எந்தக் காரணம் சொன்னாலும் மன்னிப்பு இல்லை. நீதிமன்றத்தில் 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும். எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் மனுதாரர் கையெழுத்திட்டுச் சான்றளித்த நகல் வேண்டும். இத்தகைய நடைமுறைக் குறைகளாலேயே பல மனுக்கள் விசாரணைக்கு வராமல் விழுந்துவிடுகின்றன.

வெற்றியைச் செல்லாததாக்கும் முக்கியக் காரணங்கள் இரு வகைப்படும். லஞ்சம், மிரட்டல், மதம் அல்லது சாதியின் பெயரால் வாக்குக் கேட்டல், அரசு ஊழியரின் உதவியைப் பெறுதல் போன்றவை முதல் வகை. சட்டம் இவற்றை ஊழல் நடவடிக்கைகள் என்கிறது. வேட்பாளரோ அவருடைய முகவரோ இவற்றில் ஒன்றைச் செய்ததாக மெய்ப்பிக்கப்பட்டால், எவ்வளவு வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தாலும் பதவி போய்விடும். 1971-இல் ரேபரேலியில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ராஜ் நாராயணைத் தோற்கடித்தார். அரசு ஊழியரான யஷ்பால் கபூரின் சேவையைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதாகவும், மேடை அமைக்க உத்தரப் பிரதேச அரசு அலுவலர்களின் உதவியைப் பெற்றதாகவும் கண்ட அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, 1975 ஜூன் 12 அன்று அந்த வெற்றியை ரத்து செய்தார். அதே மாதம் 25-ஆம் நாள் நெருக்கடிநிலை வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்துக்கு எட்டாததாக்க 39-ஆவது அரசமைப்புத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் முக்கிய உட்பிரிவைச் செல்லாததாக்கியது. ஆனால் தேர்தல் சட்டமே முன்தேதியிட்டு மாற்றப்பட்டிருந்ததால் இந்திராவின் பதவியும் தப்பியது.

இரண்டாவது வகை, சட்டமோ விதியோ மீறப்பட்டது என்பது. இங்கே மீறலைக் காட்டினால் மட்டும் போதாது. அது முடிவைப் பாதித்தது என்றும் காட்ட வேண்டும். வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் இது கைகூடும். 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் சோதனையாகப் பயன்படுத்தப்பட்டது. 123 வாக்குகளில் தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் அப்போது இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தச் சாவடிகளில் வாக்குச்சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் வென்றார்.

விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இது பெரும்பாலும் ஏட்டளவில்தான் நிற்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் ராதாபுரம் தொகுதியில் இன்பதுரையிடம் 49 வாக்குகளில் தோற்றார் அப்பாவு. தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகள் அங்கே தள்ளப்பட்டிருந்தன. அவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அந்த எண்ணிக்கை வெளிவரவில்லை. அடுத்த தேர்தலில் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார்.

தேனி மக்களவைத் தொகுதியில் 2019-இல் வென்ற ஓ. ப. ரவீந்திரநாத்தின் தேர்தலை எதிர்த்து ஒரு வாக்காளர் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததால் 2024-இல் மக்களவையின் காலம் முடியும்வரை அவர் உறுப்பினராகவே நீடித்தார்.