பரேல் – எல்பின்ஸ்டன் சாலை நடைமேம்பாலக் கோரிக்கை

மும்பையின் பரேல், எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையங்களுக்கு இடையில் அகலமான நடைமேம்பாலம் வேண்டும் என்பது அப்பகுதி மக்களும் அன்றாடப் பயணிகளும் பல ஆண்டுகளாக முன்வைத்துவந்த கோரிக்கையாகும். 2017 செப்டம்பர் 29 அன்று அங்கிருந்த குறுகிய பாலத்தின் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். அதற்குப் பின்னரே கோரிக்கை நிறைவேறியது. நடைமேம்பாலம் பயணிகளுக்கான கூடுதல் வசதியா, பாதுகாப்புக்கான கட்டாயத் தேவையா என்ற கேள்வியில் இந்திய ரயில்வேயின் நிலைப்பாடு மாறவும் இந்நிகழ்வு காரணமானது.

இரு நிலையங்கள்

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அதை இயக்கியது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்ற நிறுவனம். பின்னர் பம்பாய், பரோடா அண்டு சென்ட்ரல் இந்தியா ரயில்வே என்ற மற்றொரு நிறுவனமும் நகருக்குள் தனியாகப் பாதை அமைத்தது. 1951இல் முன்னது மத்திய ரயில்வேயிலும் பின்னது மேற்கு ரயில்வேயிலும் இணைக்கப்பட்டன. இதனால் அருகருகே அமைந்த இரு நிலையங்களில் பரேல் மத்திய ரயில்வேயின் கீழும், எல்பின்ஸ்டன் சாலை மேற்கு ரயில்வேயின் கீழும் வந்தன. 1853 முதல் 1860 வரை பம்பாய் ஆளுநராக இருந்த எல்பின்ஸ்டன் பிரபுவின் பெயரே இரண்டாவது நிலையத்துக்கு இடப்பட்டிருந்தது. ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாறுவோரும், இறங்கி வெளியே செல்வோரும் ஒரே குறுகிய பாலத்தை நம்பியிருந்தனர்.

ஆலைகளிலிருந்து அலுவலகங்களுக்கு

பரேலும் சுற்றுப்புறமும் ‘கிரண்காவ்’ (ஆலைகளின் ஊர்) எனப்பட்ட பருத்தி ஆலைப் பகுதியைச் சேர்ந்தவை. தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைகளை ஒட்டிய ‘சால்’ குடியிருப்புகளில் வாழ்ந்தனர்; வேலைக்கு நடந்தே சென்றனர். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் பல மூடப்பட்டன. 1991இல் வந்த நகர வளர்ச்சி விதிகள் ஆலை நிலங்களில் மறுகட்டுமானத்துக்கு வழிவிட்டன. 2001இல் செய்யப்பட்ட திருத்தம், பொதுவெளிக்கும் பொது வீட்டுவசதிக்கும் ஆலை உரிமையாளர்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலத்தின் அளவைக் குறைத்தது.

புகைபோக்கிகள் நின்ற இடங்களில் அலுவலகக் கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. அங்கு வேலை செய்வோர் ஆலைத் தொழிலாளர்களைப் போல அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள் அல்லர். தொலைவிலுள்ள புறநகர்களிலிருந்து ரயிலில் வருபவர்கள். காலை வேளையில் சில நிமிட இடைவெளியில் வந்து நிற்கும் ரயில்களிலிருந்து இறங்கும் கூட்டம் முழுவதும் அதே பழைய படிக்கட்டில் ஏற வேண்டியிருந்தது. நிலத்தின் பயன்பாடு மாறியபோது, அதற்கு ஈடாக நிலையம் விரிவுபடுத்தப்படவில்லை.

கோரிக்கையும் தாமதமும்

பயணிகளும் பயணிகள் சங்கங்களும் நெரிசலைப் பற்றித் தொடர்ந்து முறையிட்டனர். நெரிசலின் படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிட்டு எச்சரித்தனர். தென் மும்பை நாடாளுமன்ற உறுப்பினர் அரவிந்த் சாவந்த் ரயில்வே அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு வந்த பதிலில் நிதிப் பற்றாக்குறை சுட்டிக்காட்டப்பட்டிருந்தது, விபத்துக்குப் பின் செய்தித்தாள்களில் வெளிவந்தது. புதிய பாலத்துக்கு ஏற்கெனவே ஒப்புதல் தரப்பட்டிருந்தும் கட்டுமானம் தொடங்கவில்லை.

தாமதத்துக்கு நிர்வாக மரபு ஒன்றும் துணைபோனது. ஒரு நிலையத்தின் முதல் நடைமேம்பாலம் மட்டுமே இன்றியமையாததாகக் கருதப்பட்டது. அடுத்தடுத்து வருபவை ‘பயணிகள் வசதி’ என்ற கணக்கில் சேர்ந்தன. அந்தக் கணக்கில் பாலம், இருக்கை, குடிநீர்க் குழாய், மேற்கூரை போன்றவற்றோடு நிதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மக்கள் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்டதைக் கோப்பு வசதிக்கான வேண்டுகோளாகப் பதிந்துகொண்டது.

விபத்து

2017 செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை, தசராவுக்கு முந்தைய நாள். காலை பத்தரை மணியளவில் திடீரெனப் பெருமழை பெய்தது. வெளியேற வந்தவர்கள் நனையாமலிருக்கப் பாலத்திலேயே ஒதுங்கினர். அடுத்தடுத்து வந்த ரயில்களின் பயணிகள் பின்னாலிருந்து சேர, படிக்கட்டில் இருந்தவர்கள் முன்னும் பின்னும் நகர முடியாமல் நசுங்கினர். மேற்கு ரயில்வேயின் விசாரணை, மழையால் சேர்ந்த கூட்டத்தை முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. மழை அன்று வந்தது. படிக்கட்டின் குறுகலோ பல ஆண்டுகளாக அறியப்பட்டிருந்தது.

மாற்றங்கள்

மறுநாளே அப்போதைய ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் தலைமையில் நடந்த கூட்டத்தில், நடைமேம்பாலங்கள் இனி வசதியாகக் கருதப்படாமல் கட்டாயத் தேவையாகக் கருதப்படும் என முடிவெடுக்கப்பட்டது. அக்டோபர் 31 அன்று, புதிய பாலத்தை ராணுவம் கட்டும் என்று அறிவிக்கப்பட்டது. கரி ரோடு, அம்பிவலி நிலையங்களின் பாலங்களும் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ராணுவப் பொறியாளர்கள் கட்டிய பரேல் பாலம் 2018 பிப்ரவரி 27 அன்று திறக்கப்பட்டது. குடிமைப் பணிக்கு ராணுவத்தை அழைப்பது முறையா என்ற விவாதமும் அப்போது எழுந்தது. 2018 ஜூலையில் எல்பின்ஸ்டன் சாலை நிலையம் பிரபாதேவி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2019 மார்ச்சில் பரேலிலிருந்தே புறப்படும் புறநகர் ரயில்கள் தொடங்கப்பட்டன.

வரலாற்று முக்கியத்துவம்

ஆண்டுக்கணக்கில் நகராத பணி, அறிவிப்புக்குப் பின் நான்கு மாதங்களில் முடிந்தது. நிதியும் தொழில்நுட்பமும் எட்டாதவையாக இருக்கவில்லை என்பதை இது காட்டியது. ஒரு கோரிக்கை எந்தத் தலைப்பின் கீழ் பதியப்படுகிறது என்பதே அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பரேலில் அந்தத் தலைப்பு மாறுவதற்கு 23 உயிர்கள் போக வேண்டியிருந்தது.