கையுறை வந்த கதை

1985-86இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் எச்.ஐ.வி. ஆய்வுக்காக ரத்தம் சேகரித்தார். கையில் கையுறை கிடையாது. ரத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். எத்தனை பெரிய துணிச்சல்!

இத்தனைக்கும் ரப்பர் கையுறை அப்போதே பழைய பொருள். 1889-90 குளிர்காலத்தில், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினியான பாதரசக் குளோரைடு செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகளைப் புண்ணாக்கியது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய கையுறை செய்வித்தார்.

ஆனால், ஏதோ ஒரு கையுறை போதாது.

1996 ஆகஸ்டில் அமெரிக்க வேதியியலாளர் கரேன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறைமேல் டைமெத்தில் பாதரசம் சில சொட்டு சிந்தியது. நொடிகளில் அது ரப்பரைக் கடந்து தோலுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த ஜூனில் அவர் இறந்தார்.

நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை எண்ணெய்க்குத் தாங்கும், அசிட்டோனுக்குத் தாங்காது. மலைக் கிராமமான செம்மநத்தத்திலிருந்து ஆய்வகப் படிப்புக்கு மலையிறங்கும் பிள்ளைகள், எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்ற அட்டவணையைப் பார்த்த பிறகே பாட்டிலைத் தொட வேண்டும். ரசாயனம் பட்ட கையுறையை உடனே கழற்றிவிட வேண்டும்.