சமணத் துறவு (தமிழகம்)

உடைமை, உடல்வசதி, உயிர்க்கொலை ஆகியவற்றை விட்டு, வினையைத் தேய்த்து உயிரை விடுவிக்கும் சமண வாழ்நெறி. இல்லறத்தார் அணுவிரதமாக அளவோடு ஏற்கும் கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமச்சரியம், பற்றின்மை ஆகிய ஐந்தையும் துறவியர் மகாவிரதமாக முழுமையாக ஏற்பர். திகம்பர (ஆடையற்ற) முனிவருக்கு மூலகுணங்கள் (அடிப்படை ஒழுக்கங்கள்) 28. நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையில் ஏற்று உண்ணல், தலைமயிரைக் கையால் பறித்தல், நீராடாமை, தரையில் துயிலல் அவற்றுள் சில. மயிற்பீலியும் கமண்டலமும் மட்டுமே உடன் இருக்கும்.

தமிழகத்தில் இந்நெறியின் தொல்சான்றுகள் மலைக்குகைகளே. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் பாறையைச் செதுக்கிப் படுக்கைகள் அமைத்து, மழைநீர் உள்ளே வழியாதபடி முகப்பில் காடி வெட்டியுள்ளனர். மாங்குளத்தில் கணி நந்தன் என்னும் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி அமைத்ததைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சொல்கிறது, காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. வெள்ளறை வணிகக் குழுவினரும் அங்கே கொடையாளர். அழகர்மலையில் உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் ஆகியோர் பெயர்கள் உள்ளன. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டக் குகையில், குமுழூரில் பிறந்த காவுதி ஈதனுக்குப் படுக்கை செய்தளித்தவர் சிறுபொசில் இளையர். புகழூர் ஆறுநாட்டார் மலையில் யாற்றூர் செங்காயபன் என்னும் துறவிக்குச் சேர இளவரசன் உறைவிடம் கொடுத்தான். இக்கல்வெட்டுகள் கொடுத்தவரையே மிகுதியாகப் பேசுகின்றன. துறந்தவர் பெயரளவில் நிற்கிறார். எதையும் வைத்துக்கொள்ளாதவரின் வாழ்க்கை, வைத்திருந்தவர் கொடுத்ததால் நடந்தது.

பெண் துறவியர் பிற்காலத்தில் குரத்தியர் எனப்பட்டனர். கழுகுமலைக் கல்வெட்டுகளில் அவர்கள் ஆசிரியராகவும் மாணவியராகவும் வருகின்றனர். சிலப்பதிகாரக் கவுந்தியடிகள் இவ்வகையினரே.

முதுமையிலோ தீராநோயிலோ உணவை மெல்லக் குறைத்து உயிர்விடுவது சல்லேகனை. செஞ்சியருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாளும், பிற்கால இளையபட்டாரர் 30 நாளும் உண்ணாதிருந்து இறந்ததைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. நாணத்தாலும் மானத்தாலும் சங்ககால மன்னர் மேற்கொண்ட வடக்கிருத்தல் இதனின் வேறு. சல்லேகனை தற்கொலையாகாது என்பது சமணர் நிலைப்பாடு; இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015இல் அதைக் குற்றமாக்கியபோது, அதே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இன்று தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் மேல்சித்தாமூரில் உள்ளது; அதன் தலைவர் ஆடையணிந்த பட்டாரகர்.